இங்கிலீஷில் ஒரு பந்தி

எங்கள் பந்தியில் பரிமாறுகிற மணி அண்ணாவைக் கொல்லைப்புறச் சுவரோரம் நிற்க வைத்து, அவர்தான் வாக்கியத்தின் முதல் வார்த்தை என்று மாடிவீட்டு ஜாஸ்மின் அறிவித்தபோது, அவர் கையில் சாம்பார் வாளி இருந்தது.

வாளியைக் கீழே வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், அதுதான் உங்களுக்கு அழகு என்றாள் அவள். அவருக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக என்னை நிறுத்தினாள். நான்தான் ‘விரட்டினார்’. அந்த நேரம் பார்த்துக் காப்பி டம்ளரோடு வெளியே வந்த என் வீட்டுக்காரரைப் பிடித்து எனக்கு அடுத்தாற்போல் நிறுத்தி, நீங்கள் பூனை என்றாள்.

சமையல்கட்டில் பூனைக்கு என்ன மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. மியாவ் சொல்ல வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மணி அண்ணா பூனையை விரட்டினார். தமிழில் இதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஓடுவது பூனைதான். ‘பூனையை மணி அண்ணா விரட்டினார்’ என்றாலும் சரி, ‘விரட்டினார் மணி அண்ணா, பூனையை’ என்றாலும் சரி. பூனையின் வாலில் ‘ஐ’ என்று ஒன்றைக் கட்டி அனுப்பிவிடுகிறோம். அது எந்த மூலையில் போய் நின்றாலும் இன்னார் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் யார் வாலிலும் ஒன்றும் கட்டுவதில்லை. நிற்கிற இடத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

அதைக் காட்டுவதற்காக மணி அண்ணாவையும் என் வீட்டுக்காரரையும் இடம் மாற்றினாள். ‘த கேட் சேஸ்ட் மணி அண்ணா’ என்றாள். அவ்வளவுதான், பூனை மணி அண்ணாவை விரட்ட ஆரம்பித்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் ஒருவரை விரட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிணற்றடி வரை போய் இரண்டு பேரும் மூச்சு வாங்கத் திரும்பினார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு வயிறு வலித்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய ‘மழைநாள் கல்யாணம்’ கட்டுரையைப் படித்துவிட்டு, “மாமி, நடுவில் இரண்டு வரி இங்கிலீஷ் வேறு எடுத்து விட்டிருக்கிறீர்களே, எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தெரியும் என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னால் ஜாஸ்மின் சண்டைக்கு வருவாள். அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

வார்த்தை உண்டு, வாக்கியம் இல்லை

திருவனந்தபுரத்துக் கரமனையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவளுக்கு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. ஆர்டர், அட்வான்ஸ், கேன்சல், பார்சல், பஃபே என்று காலையில் பேச ஆரம்பித்தால் ராத்திரி வரை அதுதான். மிக்ஸியும் கேஸும் குக்கரும் தமிழாகிவிட்டதே எப்போதோ. என் வாயில் புழங்குகிற இங்கிலீஷை அள்ளினால் ஒரு கூடை நிறையும்.

ஆனால் கூடை நிறையக் காய் இருந்தால் அவியல் ஆகிவிடாது. ஒரு வார்த்தையை இன்னொன்றோடு சேர்த்து நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்றால் போதும், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

படித்தது மலையாள மீடியம். எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு வருஷம் முழுக்க ஒரே வேலை செய்தார். ‘நான் கடிதம் எழுதினேன்’ என்பதை ‘என்னால் கடிதம் எழுதப்பட்டது’ என்று திருப்பிப் போடுவது. தோசை திருப்புகிற மாதிரி நானும் படபடவென்று திருப்புவேன், முழு மார்க் வாங்குவேன். ஆனால் தாகமாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்க அந்த வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது. டீச்சர் கேட்டதும் இல்லை.

வேறு வழியும் உண்டு என்று எனக்குக் காட்டியவர் சாலைக் கடைத்தெருவில் வெல்லமும் பருப்பும் ஏலக்காயும் மொத்தமாக விற்கிற அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். தமிழில் நினைத்து, தமிழ் வரிசையிலேயே இங்கிலீஷை அடுக்கிவிடுவார். வாசனை பிடித்து வெளிநாட்டுக்காரர்கள் யாராவது கடைக்குள் வந்தால், “திஸ் நம்பர் ஒன் ஏலக்கா. கையில எடுத்து ஸ்மெல் பண்ணு. டுமாரோ ஸ்டாக் நோ” என்பார். அவர்களும் மோந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள், வாங்கிக்கொண்டு போவார்கள்.

உங்களுக்குக் கூச்சமே கிடையாதா அண்ணாச்சி என்று ஒரு தடவை கேட்டேன். “நான் கூச்சப்பட்டா ஏலக்காய யாரு விப்பா?” என்றார். அவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் ஏலக்காய்க்கு வாசனை இருக்கிறது, அது தன்னைத் தானே விற்றுக்கொள்ளும். பந்தியில் உட்காருகிறவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த நிலைமை எனக்கு வந்தது.

திரைக்குப் பின்னால்

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி ராமநாதன் சார். பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் பெண் ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போனாள், அங்கேயே ஒரு பையனைப் பார்த்துவிட்டாள். பையன் தங்கமான பையன். கல்யாணம் கரமனையில், ஆற்றுக்குப் பக்கத்து மண்டபத்தில். பையன் பக்கத்திலிருந்து ஒரு பந்திக்கு ஆள் வருகிறார்கள். சமையல் என்னுடையது என்பதில் பேச்சே இல்லை.

ஆனால் சார் ஒருநாள் வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்கு இரண்டு கவலை. வருகிறவர்கள் வாழையிலையில் சாப்பிட்டது கிடையாது. எது என்ன, எதோடு எதைப் பிசைவது என்று யாராவது இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இது சின்னக் கவலை. பெரிய கவலை, மாப்பிள்ளையின் அம்மா மார்கரெட். அந்த அம்மாளுக்கு முந்திரிப்பருப்பு ஆகவே ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு முட்டிவிடும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் பிழைக்க வைத்தார்களாம்.

முந்திரியை விட்டுவிட்டால் போயிற்று என்றேன். சாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஊர் கூடிச் சாப்பிடுகிற கல்யாணத்தில் முந்திரி இல்லாத பாயசமா, அக்கா தங்கைகள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்களே என்றார். சரி, அந்த அம்மாளுக்கு மட்டும் தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்துவிடுகிறேன், தனிக் கரண்டி, தனி மூடி, என் கையாலேயே கொண்டு போய் விளம்புகிறேன் என்றேன். பரிமாறுவதற்கு எங்கள் ஊர் வார்த்தை விளம்புவது.

அப்போதுதான் சார் மெள்ள விஷயத்துக்கு வந்தார். கொச்சியில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். கல்யாணத்தில் பந்தியை நின்று நடத்த இங்கிலீஷ் பேசுகிற கேப்டன் ஒருவரை அனுப்புவார்களாம். ஆனால் விளம்புகிற ஆட்களும் அவர்கள் ஆட்களாகத்தான் இருக்க வேண்டுமாம்.

“நீங்க உள்ளே சமைச்சுக் குடுத்தா மதி, மாமி. வெளியிலே அவா பார்த்துப்பா.”

மதி என்றால் போதும். எனக்குச் சுருக்கென்றது. என் கல்யாணத்துக்கே இலை போட்டவர் மணி அண்ணா. அவரும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். இன்றைக்கு ஒரு கேப்டன் வந்தால் நாளைக்கு எல்லாக் கல்யாணத்துக்கும் அவன்தான். அதைவிடப் பெரிய எரிச்சல் வேறு. நான் ஆக்கிய அவியலை எவனோ ஒருவன் மைக் பிடித்து விவரிப்பான், நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

“நானே பேசறேன்” என்றேன்.

உக்கிராண அறையில் அரிசி அளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் இருமினார். சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து கேட்பேன், சரியாக வந்தால் நீங்கள், இல்லாவிட்டால் அவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடிப் போர்ஷன் டீச்சர்

ஜாஸ்மின் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண். பாறசாலைப் பக்கத்துக்காரி. எங்கள் தமிழ் ஒரு மாதிரி என்றால் அவள் தமிழ் வேறு மாதிரி, கோபம் வந்தால் அதுவும் மலையாளமாகிவிடும். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், போனில் வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற வேலை. சாயங்காலம் போனால் ராத்திரி வருவாள். காலைப் பலகாரம் எங்களோடுதான்.

நான் கேட்டது சின்ன உதவி. நான் சொல்ல வேண்டியதை நீ இங்கிலீஷில் எழுதிக் கொடு, மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன். அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

“மனப்பாடம் பண்ணினா ஒரு வார்த்தை விழுந்தா மொத்தமும் விழும் மாமி. வாக்கியம் கெட்டப் படியுங்க.”

கட்டுவதைத்தான் அவள் ஊரில் கெட்டுவது என்பார்கள். கெடுக்காமல் இருந்தால் சரி என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

எப்படித் தொடங்குவது என்று அவளுக்கும் முதலில் தெரியவில்லை. ஒரு நாள் எங்களோடு ஒரு நிச்சயதார்த்தப் பந்திக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தாள். விளம்புகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். உப்புக்காரர், ஊறுகாய்க்காரர், தேங்காய்ப் பொரியல் கொண்டு வருகிற தோரன்காரர், அவியல்காரர் என்று வரிசை. ஒருவரை ஒருவர் முந்தக்கூடாது, ஒருவர் இடத்தில் இன்னொருவர் வைக்கக்கூடாது. இங்கிலீஷும் இதேதான் என்று அங்கேயே என் காதைக் கடித்தாள். மறுநாளிலிருந்து எங்கள் கொல்லைப்புறம் வகுப்பாகிவிட்டது.

“பேடிக்காண்டாம் மாமி. செய்யுத ஆளு மொதல்ல. செய்யுத வேலை ரெண்டாவது. சாதனம் அதுக்க பொறவு. எங்க, எப்பங்கிறதெல்லாம் கடைசில.”

பேடிக்காண்டாம் என்றால் பயப்பட வேண்டாம், சாதனம் என்றால் பொருள். சொல்வதற்கு எளிது. என் நாக்கு ‘ஐ’ என்று ஆரம்பித்து, ‘சாம்பார்’ என்று போய், ‘லைக்’ என்று முடிந்தது. தமிழ் நாக்குக்கு வேலை என்பது கடைசியில் வர வேண்டும், மோர்சாதம் போல. அது வந்தால்தான் எழுந்து கை கழுவலாம். ‘நேற்று சாயங்காலம் ராமநாதன் சார் வீட்டில் என் அண்ணா இரண்டு போளியை’ என்று சொல்லி நிறுத்தினால், தின்றாரா, திருடினாரா, தெருவில் போட்டாரா என்று கேட்கிறவர் காது கொடுத்துக் காத்திருப்பார். இங்கிலீஷில் இரண்டாவது வார்த்தையிலேயே விஷயத்தை உடைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் சொல்வதில் என்ன சுவாரசியம் என்று நான் ஜாஸ்மினோடு சண்டை போட்டேன். உங்களுக்குச் சுவாரசியம் வேண்டுமா, கல்யாண ஆர்டர் வேண்டுமா என்று கேட்டாள்.

அப்புறம் ‘டூ’ என்று ஒரு எடுபிடி. சும்மா சொல்லும்போது அதைக் காணவே காணோம். ‘யூ வாண்ட் ரைஸ்.’ கேள்வி என்று வந்தால் ஓடி வந்து முன்னால் நிற்கிறது. ‘டூ யூ வாண்ட் ரைஸ்?’ நாம் ‘வேணுமா’ என்று கேள்வியை வாலில் வைக்கிறோம், அவர்கள் தலையில் வைக்கிறார்கள். வேண்டாம் என்பதும் அப்படித்தான், ‘டோன்ட்’ என்று முன்னாலேயே கையை நீட்டித் தடுத்துவிடுகிறது.

இந்த ‘டூ’வின் மேல் மணி அண்ணாவுக்கு வந்த பிரியத்தைச் சொல்ல வேண்டும். அவரை யாரும் படிக்கச் சொல்லவில்லை. வாக்கியத்தில் நிற்பதற்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டோம், நின்றபடியே பிடித்துக்கொண்டார். காய் நறுக்குகிற பெண்களிடம் ‘டூ யூ வாண்ட் காப்பி’. தபால்காரரிடம் ‘டூ யூ வாண்ட் மோர்’. தபால்காரர் ‘எஸ்’ என்று சொல்லி உட்கார்ந்தே விட்டார். அந்த மாசம் கரமனையில் என் பந்தியில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் இங்கிலீஷில் கேட்கப்பட்டுத்தான் ரசம் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் காலை வேளைகளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. பெருங்காயம் வறுக்கிற வாசனை, கிணற்றடி ஈரம், எங்கள் எல்லோருக்கும் நடுவில் காதில் சின்னக் கம்மலோடு அந்தப் பெண். ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக ஒன்று வருகிறது என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம். தப்பாக வந்தபோதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சார் வைத்த பரீட்சை

சொன்னபடி சார் வந்தார். அவர் முன்னால் வெறும் இலையைப் போட்டு, இது இது இங்கே, அது அது அங்கே என்று முழுசும் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு தடவை வேலை வாலுக்கு ஓடியது, இழுத்துக்கொண்டு வந்து இரண்டாவது இடத்தில் உட்கார வைத்தேன். சார் சிரிக்கவில்லை, ஆனால் இருந்த இடத்தில் இருந்து எழுந்து போகவும் இல்லை.

“சரி மாமி. பக்ஷே அந்த முந்திரி விஷயம் உங்க தலையிலேயாக்கும்.”

பந்தி முறையும் பேசி முடிவு செய்தோம். மாப்பிள்ளை வீட்டார் போனில் திருவனந்தபுரத்துச் சத்யை விருந்தைப் பார்த்து ஆசைப்பட்டிருந்தார்கள். அதனால் மலையாள முறை. நேந்திரங்காய் வறுவலில், அதாவது உப்பேரியில் ஆரம்பித்து, பருப்பு, சாம்பார் எல்லாம் போய், அதற்கப்புறம்தான் போளியும் பாயசமும். எனக்கும் அது வசதி. பாயசம் வருவதற்கு முன்னால் மைக்கில் முந்திரியைப் பற்றிச் சொல்லிவிட்டு, மார்கரெட்டின் பாத்திரத்தை நானே எடுத்துக்கொண்டு போகலாம். சொல்ல வேண்டிய வாக்கியங்களை அந்த வரிசையில் ஜாஸ்மினுக்குத் தெரியாமல் மனப்பாடமும் செய்து வைத்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன.

சம்பந்தி பந்தி

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. ஜாஸ்மின் பாறசாலையில் சர்ச்சுக்குப் போயிருந்தாள். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. ஆண்கள் வேஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் மார்கரெட். உயரமான அம்மாள், வெள்ளை முடி, அரக்குப் பட்டு, தலையில் யாரோ ஆசையாக வைத்துவிட்ட ஒரு முழப் பூ.

நான் பந்தியின் ஒரு கோடியில் மைக்கோடு நின்றேன். ‘திஸ் இஸ் எ பனானா லீஃப்’ என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ‘வி புட் த ஃபுட் ஆன் த லீஃப். யூ டோன்ட் ஈட் த லீஃப்’ என்றேன். சிரித்தார்கள். கை தட்டினார்கள். எனக்கு உடம்பில் உயிர் வந்தது. சார் பந்திக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்.

உப்பு இங்கே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். உப்புக்காரருக்கும் முன்னால், என் மனப்பாடத்தில் இல்லாத இடத்தில், மணி அண்ணா வந்துகொண்டிருந்தார். கையில் பாயச வாளி. பொதுப் பாயசம்.

அக்ரஹாரத்துப் பந்தி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வழக்கத்தில் இலையின் வலதுபக்கக் கீழ்மூலையில் ஒரு கரண்டிப் பாயசம் விழுந்த பிறகுதான் மற்ற எதுவும். அதுவும் சம்பந்தி பந்தி என்றால் பாயசம் படாத இலையைப் பார்க்கவே கூடாது. அன்றைக்கு முறை வேறு என்று மணி அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். முறையைப் பேசி முடிவு செய்தபோது அவரும் கூட இருந்தார். ஆனால் நாதஸ்வரம் கேட்டது, சம்பந்திகள் உட்கார்ந்தார்கள், இலை வெறுமனே கிடந்தது. கை தன் பாட்டுக்கு வாளியைத் தூக்கிவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையாக எல்லா இலை மூலையிலும் ஒரு கரண்டி. மேலே நெய்யில் வறுத்த முந்திரி. மார்கரெட் குனிந்து அதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் விரலால் தொட்டு நக்கிவிட்டு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். மார்கரெட்டும் விரலை வைத்தார்.

எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் பாதிப் பந்தி. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றுகூட இல்லாமல் கூண்டோடு ஓடிப்போயிருந்தன.

“மார்கரெட், ஸ்டாப். டோன்ட் ஈட் தட். தட் பாயசம் ஹேஸ் கேஷ்யூ.”

மைக்கில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மேடமும் இல்லை, ப்ளீஸும் இல்லை. மார்கரெட்டின் விரல் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். இலையை மடித்து எடுத்தேன், அந்த அம்மாளின் கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், மேஜையைத் துடைத்துப் புது இலை போட்டேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ வேகமாகச் சொன்னார். ஸ்காட்லாந்து இங்கிலீஷ், கால்வாசிகூடப் பிடிபடவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது தெரிந்தது.

“யுவர் பாயசம் இஸ் இன் த கிச்சன்” என்றேன். “இட் ஹேஸ் நோ கேஷ்யூ. ஐ வில் பிரிங் இட் மைசெல்ஃப்.”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இதையெல்லாம் எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜாஸ்மின் சொல்லித் தரவில்லை. நானே கட்டியவை, நின்ற நிற்பில், அதனதன் இடத்தில். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு பெருமிதம்.

பின்னால் சார் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கீழே கிடந்த மைக்கை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் நான் மனப்பாடத்தைத் தேடவே இல்லை. எது வருகிறதோ அதைச் சொன்னேன். இது என்ன மாங்காயா என்று கேட்டார்கள், சொன்னேன். இது காரமா என்று கேட்டார்கள், காரம்தான், ஆனாலும் சாப்பிடுங்கள் என்றேன். இரண்டு மூன்று தடவை வேலை வாலுக்கு ஓடியிருக்கும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போளியைப் பாயசத்தில் முக்கித் தின்று காட்டினேன், பந்தி முழுக்க அதே மாதிரி செய்தது.

உள்ளே போனால் மணி அண்ணா அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திட்ட வேண்டும் என்றுதான் போனேன்.

“சம்பந்தி எலை வெறும்ன கெடக்கறச்சே கை சும்மா இருக்குமோடி பாரு? அதுவா போயிடுத்து” என்றார்.

எனக்குத் திட்ட வரவில்லை. அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த பந்திக்கு ரசம் எடுங்கோ அண்ணா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் ‘டூ யூ வாண்ட் ரசம்’ கேட்க ஆரம்பித்தது.

கடைசிப் பந்தி

எல்லாப் பந்தியும் முடிந்து, விளம்பினவர்களும் நறுக்கினவர்களும் உட்காருகிற கடைசிப் பந்தி. அதற்கு நான்தான் விளம்புவேன். பிறகு அடுக்களையில் நின்றபடியே, கரண்டியில் மிச்சமிருப்பதைக் கையில் விட்டுச் சாப்பிடுவேன். அது எனக்குப் பழகிவிட்டது, குறையாகத் தோன்றியதும் இல்லை.

அன்றைக்கு இலை போட்டுக்கொண்டிருக்கும்போது மார்கரெட் வந்தார். செருப்பில்லாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. பின்னாலேயே ராமநாதன் சார் பதறிக்கொண்டு வந்தார். மார்கரெட் பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முந்திரி இல்லாத தன் பாயசப் பாத்திரத்தை ஒரு கையில் எடுத்துக்கொண்டார். சாதக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காலி இலை ஒன்றைக் காட்டினார்.

“யூ ஸிட்” என்றார். “ஐ ஸெர்வ்.”

எனக்காக நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சார்தான் தவித்துப் போனார். மாப்பிள்ளையின் அம்மா கரண்டி பிடிப்பதா, அதுவும் சமையல்காரிக்கு விளம்புவதா, ஊர் என்ன சொல்லும் என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்தார். நான் மார்கரெட்டைப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன்.

எனக்கு இலை போட்டு யாரும் விளம்பி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. மார்கரெட் குனிந்து குனிந்து வைத்தார். ஊறுகாய் நடுவில் விழுந்தது. தோரன் பாயசத்தில் போய்ச் சேர்ந்தது. அவியலை இலை நுனியில் வைத்தார், சாதத்தை அதன் மேலேயே போட்டார். ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணி அண்ணா பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். நான் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு இலை மங்கலாகத் தெரிந்தது. பாயசம் பட்ட தோரனையும், ஊறுகாய் கலந்த சாதத்தையும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டேன். மார்கரெட் கரண்டியோடு ஓடி வந்தார்.